கிணற்றடியில் நட்ட கல்

தாகத்தோடு வருகிற மாட்டைக் குடிதண்ணீரிலிருந்து எவ்வளவு தூரத்தில் நிறுத்தலாம்?

இந்தக் கேள்வியை இதுவரை யாரிடமும் நேராகக் கேட்டதில்லை. விலங்கியல் படித்தவள் இதைக் கேட்கலாமா என்று சிரிப்பார்கள். கல்லூரியில் தவளையின் இதயம் வரைக்கும் திறந்து காட்டினார்கள். மாடு எங்கே நிற்க வேண்டும் என்று யாரும் சொல்லித் தரவில்லை. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து இந்தக் கேள்வி என்னோடுதான் இருக்கிறது. ஒருமுறை பதில் கிடைத்துவிட்டதாக நினைத்தேன். இப்போது அதுவும் சரியில்லையோ என்று தோன்றுகிறது.

நான் ஸ்ரீவில்லிபுத்தூரில் கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களில் ஒன்றில் பிறந்தவள். தண்ணீர் என்றால் எனக்குத் தெருக்குழாய்தான். குழாயின் வாயில் அம்மா ஒரு துணியைக் கட்டிப் பிடிப்பாள். நிறைந்த குடத்தை நானும் தங்கையும் தூக்குவோம். அது எந்த மலையிலிருந்து வருகிறது, வழியில் யார் காலை நனைத்துவிட்டு வருகிறது என்றெல்லாம் ஒரு நாளும் யோசித்ததில்லை.

எண்பதுகளின் கடைசியில் ராஜபாளையத்துக்கு மேற்கே, மலையடிவாரத்து மாந்தோப்புக்குள் இருக்கும் ஒரு வீட்டுக்கு மருமகளாக வந்தேன். என் கணவர் ராணுவத்தில் இருக்கிறார். கல்யாணத்துக்கு எடுத்த லீவு முடிந்ததும் போய்விட்டார். வருஷத்துக்கு ஒருமுறை வருவார். வீட்டில் மாமாவும் அத்தையும் நானும்தான். மாமா என்றால் என் மாமனார், அத்தை என் மாமியார். பிறகு எங்களோடு என் மகளும் சேர்ந்தாள். தோப்பை ஒட்டி ஓர் ஓடை, ஓடைக்கு அந்தப் பக்கம் மலை.

ஓடைக் கரையில்தான் எங்கள் கிணறு. கல் கட்டிய பழைய கிணறு, முழங்கால் உயரத்துக்குத்தான் சுவர். அதன் தண்ணீரைப் பற்றிப் பேசும்போது அத்தையின் குரலே மாறிவிடும். மாங்காய் வாங்க வருகிற வியாபாரியோ, ஓட்டுக் கேட்டு வருகிறவரோ, யார் வந்தாலும் முதலில் வெண்கலத் தம்ளரில் தண்ணீர். அவர்கள் குடித்து முடிக்கும்வரை அத்தை நகரமாட்டார்.

"எப்படி இருக்கு?"

"கல்கண்டா இருக்குக்கா."

அந்த ஒரு வார்த்தை போதும், அன்று முழுவதும் அத்தை நல்ல மனநிலையில் இருப்பார். நான் வந்த புதிதில் அந்த வார்த்தையைச் சொல்லத் தெரியாமல், "நல்லா இருக்கு அத்தை" என்று மட்டும் சொன்னேன். அதற்கு ஒரு வாரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார்.

அத்தைக்குக் கிணறு என்றால் மாமாவுக்கு மாடு. வீட்டு மாடுகளைச் சொல்லவில்லை. அவர் காத்துக்கொண்டிருப்பது மலைமாடுகளுக்காக. செந்நிறச் செவலையும் சாம்பல்நிற மயிலையுமாகக் குட்டையான, கூர்ந்த கொம்புள்ள மாடுகள். காட்டு விளிம்பில் மேய்ந்துவிட்டு, மேலே சுனைகள் வற்றும் கோடையில் எங்கள் ஓடைக்குத் தண்ணீருக்கு வரும். மேய்க்கிறவர் மாமாவின் சின்ன வயதுச் சிநேகிதர். அறுவடை முடிந்ததும் அந்த மந்தையை எங்கள் வயலில் இரவு கிடை அமர்த்துவார்கள். மாடுகள் படுத்து எழுந்துபோன இடத்தில் அடுத்த போகத்துக்கு வேறு உரம் வேண்டாம். அதனால் மாடு ஓடிவந்து நின்றால் மாமாவுக்கு வயலே எழுந்து வந்து நிற்பதுபோல் இருக்கும்.

எனக்கு அப்படி இல்லை. சித்திரை வந்தால் ஓடை சில குட்டைகளாகச் சுருங்கிவிடும். துணி துவைத்துக்கொண்டே பார்ப்பேன். மாடுகள் குடித்துவிட்டு உடனே கிளம்பாது. வயிறு நனையும் ஆழத்தில் நின்று, கண்ணை மூடி, அசைபோட்டு, வாலைத் தூக்கும். வயலில் விழுந்தால் உரமாகிற அதே சாணம் அங்கே தண்ணீரில் கரைந்து பரவும். அங்கிருந்து கிணறு எட்டிவிடும் தூரம். இடையில் இருப்பது வெறும் மணல். மணல் வடிகட்டும் என்று படித்திருக்கிறேன். எவ்வளவு வடிகட்டும்? அது புத்தகத்தில் இல்லை. வடிகட்டும் என்று நினைத்துக்கொண்டே தூங்குவேன். வடிகட்டாதோ என்று எழுந்துகொள்வேன்.

மகள் தண்ணீர் குடிக்க ஆரம்பித்தபோது ஒரு நாள் சிறிய பாத்திரத்தில் தண்ணீரை அடுப்பில் வைத்தேன். அத்தை வாசம் பிடித்ததுபோல வந்து நின்றார்.

"யாருக்கு மேலுக்குச் சரியில்ல?"

"யாருக்கும் இல்ல அத்தை. பாப்பாவுக்குத் தண்ணி காய்ச்சுதேன்."

"எதுக்கு?"

"சின்னப் பிள்ளைல்லா."

"ஒன் புருசனும் சின்னப் பிள்ளையாத்தான் இருந்தான். இந்தத் தண்ணியக் குடிச்சுத்தான் இன்னைக்குப் பட்டாளத்துல துப்பாக்கி தூக்குதான். வெந்நி குடிச்சு வளந்தவனா அவன்?"

அந்த வீட்டில் வெந்நீர் நோயாளிக்கு உரியது. நல்ல தண்ணீரைக் காய்ச்சுவது அந்தக் கிணற்றையே பழிப்பதற்குச் சமம். அடுப்பை அணைத்துவிட்டேன். அணைத்தது சரியா என்று அன்று சாயங்காலம்வரை யோசித்தேன்.

அந்த வருஷக் கோடை மழை திடீரென்று கொட்டியது. ஓடை செம்மண் நிறத்தில் புரண்டு போயிற்று. மழை விட்ட கையோடு மகளுக்கு வயிற்றோட்டம் பிடித்தது. உப்பும் சர்க்கரையும் கலந்து கொடுக்க வேண்டும் என்று தெரியும், கலந்தேன். எந்தத் தண்ணீரில் கலக்கிறேன் என்பது கலக்கி முடித்த பிறகுதான் உறைத்தது. குழந்தையின் கண் உள்ளே போய்விட்டது. அழுதால் கண்ணீர் வரவில்லை. மாமா அவளைத் துண்டில் சுற்றித் தூக்கிக்கொண்டு, செட்டியார்பட்டிப் பக்கமிருந்து வந்த ஒரு வண்டியை மறித்து, என்னையும் அத்தையையும் ஏற்றிக்கொண்டு ராஜபாளையத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்.

டாக்டர் அந்தச் சின்னக் கையை ஓர் அட்டையோடு சேர்த்துக் கட்டி குளுக்கோஸ் ஏற்றினார். "வீட்ல என்ன தண்ணி?" என்று கேட்டார். கிணறு, பக்கத்தில் ஓடை, ஓடையில் மாடு என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். "மழைக்கு ஓடைத் தண்ணி கலந்திருக்கும். காய்ச்சி ஆறவெச்சுக் குடுங்க" என்றார். அத்தை வேறு பக்கம் பார்த்துக்கொண்டார்.

மாமா ஆஸ்பத்திரி வராந்தாவில் துண்டை மடியில் போட்டு உட்கார்ந்துவிட்டார். மகள் எழுந்து, ரொட்டித் துண்டு ஒன்றை ஈறால் கடிக்க ஆரம்பித்த பிறகுதான் என்னைக் கூப்பிட்டார்.

"தாயி, நான் ஒண்ணு நேந்துக்கிட்டேன்."

"என்ன மாமா?"

"கெணத்தடியில ஒரு கல்தொட்டி. மாடு தண்ணி குடிக்க. பக்கத்துலயே ஒரு ஒரசுகல்லு. வாயில்லாச் சீவன் தாகம் தீந்து, முதுகச் சொறிஞ்சுக்கிட்டுப் போச்சுன்னா நம்ம புள்ள வயிறு குளுந்திரும்."

மாட்டுக்கு உரசுகல் நடுவது எங்கள் பக்கத்தில் பெரிய தருமம். இடுப்பு உயரத்துக்கு ஒரு கல்லைத் தண்ணீர்த் துறையில் நிறுத்திவைப்பார்கள். கையில்லாத பிராணி அதில் போய்த் தன் முதுகைத் தேய்த்துக்கொள்ளும். பழைய கண்மாய்க் கரைகளில் எத்தனையோ தலைமுறை மாடுகள் உரசி எண்ணெய் தேய்த்ததுபோல் மின்னுகிற கற்களைப் பார்த்திருக்கிறேன். மாமா வேண்டுதலோடு நிறுத்தவில்லை, டாக்டர் சொன்னதையும் மனதில் வைத்திருந்தார்.

"ஓடைத் தண்ணிதான் கெடுக்குதுன்னு டாக்டர் சொன்னாருல்லா? தொட்டியில குடிச்சுட்டா மாடு எதுக்கு ஓடைக்குள்ள எறங்கப் போவுது?"

எனக்கும் அது சரியென்றே பட்டது. வேண்டுதலும் வைத்தியமும் ஒரே கல்லில் நிறைவேறுகிறதே என்று அன்று சந்தோஷப்பட்டேன்.

ஒரே கல்லில் குடைந்த தொட்டியும் உரசுகல்லும் டிராக்டரில் வந்து இறங்கின. கிணற்றில் இறைத்து அப்படியே சாய்க்கலாம் என்று மாமாவே சுவரை ஒட்டி இடம் குறித்தார். கல்லை நிறுத்தி, மண் தள்ளி, பொங்கல் வைத்து, மகளின் கையை மஞ்சளில் தோய்த்துக் கல்லின் நெற்றியில் பதித்தோம். ஐந்து விரலும் விழுந்தது. அன்றிலிருந்து அதற்குப் பெயர் பாப்பா கல்லு.

அன்று சாயங்காலம் மந்தை வந்தது. மேய்க்கிறவர் தொட்டியைச் சுற்றி வந்து பார்த்தார்.

"அண்ணாச்சி, இம்புட்டு நாளு எம் மாடு ஓடையில குடிச்சுது. இனிமே தம்ளர்ல குடுத்தாத்தான் குடிக்கும்போல."

"ஏலே, ஒம் மாட்டுக்குள்ள மரியாத ஒனக்குக் கெடையாது. நீ ஓடையிலயே குடி."

"எனக்கும் முதுகு அரிக்கி. கல்லு மாட்டுக்கு மட்டுந்தானா?"

"வரிசையில நில்லு."

ஒரு செவலைப் பசு முதலில் வந்தது. குடித்தது. பிறகு கல்லைச் சந்தேகமாக முகர்ந்து, கழுத்தை மெல்லச் சாய்த்து, ஒரு தடவை தேய்த்தது. அதன் கண் சுகத்தில் சொருகியது. மாமாவின் தோளில் இருந்த மகள் "மா" என்றாள். அவள் பேசிய முதல் சொல் அது. என்னைத்தான் கூப்பிட்டாள் என்று நான் இன்றும் சொல்கிறேன். மாட்டைத்தான் என்று மாமா இன்றும் சொல்கிறார்.

எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. நன்றாக இருந்ததுதான் சங்கடம். முன்பு ஓடையில் குடிக்கிற மாடுகள் கரை நெடுகப் பரவி நிற்கும், பொழுது சாயக் கிளம்பிவிடும். இப்போது தண்ணீரும் உரசுகல்லும் மாமர நிழலும் ஒரே இடத்தில். யாருக்குக் கிளம்ப மனம் வரும்? கோடைக்கு மட்டும் வந்த மந்தை கோடை கழிந்தும் வந்தது. அக்கம்பக்கத்துத் தோப்பு மாடுகளும் விஷயம் தெரிந்து வந்தன. கிணற்றைச் சுற்றிப் படுத்து, எழுந்து, உரசி, மறுபடி படுத்தன. முதலில் அத்தைக்குக் கொண்டாட்டம். "வரட்டி தட்ட எடம் பத்தலட்டி" என்று சுவர் முழுக்கத் தட்டி வைத்தார். பிறகு அள்ளி முடியவில்லை. குளம்பு பட்டுப் பட்டு மண் குழிகுழியாயிற்று. ஒவ்வொரு குழியிலும் பச்சையும் பழுப்புமாகத் தண்ணீர் தேங்கியது. தொட்டியில் வழிந்தது சாணக் குழம்போடு சேர்ந்து கிணற்றுக் கல்லின் இடுக்கைத் தேடிப் போயிற்று.

ஐப்பசி மழையில் கிணறு ஏறியது. காலையில் பானை மூடியைத் திறந்தால், மிக லேசாக, தொழுவத்து வாசனை.

என் பிரமையோ என்று நினைத்தேன். பிறகு, பிரமையாகவே இருந்தாலும் குழந்தைக்குக் காய்ச்சிக் கொடுப்பதில் என்ன தப்பு என்று நினைத்தேன். வெறும் வெந்நீர் வைத்தால் கேள்வி வரும். அதனால் ஒரு சிட்டிகை ஓமத்தைப் போட்டேன். ஓமத் தண்ணீர் மருந்து. மருந்தைக் காய்ச்சினால் கிணற்றுக்கு அவமானமில்லை. காலையில் ஓமம், மத்தியானம் ஓமம், இரவும் ஓமம். என் மகளைத் தூக்கி முகர்ந்தால் அவளே ஒரு நாட்டு மருந்துக்கடைபோல மணத்தாள்.

அதே நேரம் பானையில் வெட்டிவேர் மிதக்கத் தொடங்கியது. "வாசத்துக்கு" என்றார் அத்தை. வீட்டில் அதுவரை வெட்டிவேர் போட்டு நான் பார்த்ததில்லை.

ஒரு நாள் மத்தியானம் அடுப்படிக்குள் போனேன். அத்தை தரையில் உட்கார்ந்து, மாமாவின் பழைய வேட்டியை நான்காக மடித்துப் பானை வாயில் கட்டி, குடத்துத் தண்ணீரை அதில் ஊற்றிக்கொண்டிருந்தார். பக்கத்தில் தண்ணீர் தெளிய உரைக்கிற தேற்றாங்கொட்டை.

"என்ன அத்தை?"

"தூசி."

"மூடி வெச்ச கொடத்துலயா?"

அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். என் பின்னால் அடுப்பில் கொதித்துக்கொண்டிருந்த பாத்திரத்தையும் பார்த்தார்.

"ஒன் புள்ளைக்கு என்னட்டி அப்படித் தீராத செரிமானக் கோளாறு? மூணு வேளையும் ஓமம்?"

நான் அடுப்பை அணைக்கவில்லை. அவரும் வேட்டியை அவிழ்க்கவில்லை. எனக்குத்தான் முதலில் சிரிப்பு வந்தது. அவர் அடக்கிப் பார்த்தார், முடியவில்லை. சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, மாமாவை நினைத்துச் சொன்னார்: "அவியகிட்டச் சொல்லிராத. புள்ள பேருல நட்ட கல்லு. தாங்க மாட்டாவ."

அன்றிலிருந்து நாங்கள் இரண்டு பேரும் ஒரு கட்சி. ஆனால் ஒன்றைக் கவனித்தேன். விருந்தாளிக்குத் தம்ளர் கொடுத்துவிட்டு அத்தை அங்கே நிற்பதில்லை. எப்படி இருக்கிறது என்று யாரிடமும் கேட்பதில்லை.

எங்கள் ஏற்பாடெல்லாம் மகள் நடக்கக் கற்கும்வரைதான். நடக்கத் தெரிந்ததும் தாத்தாவின் விரலைப் பிடித்துக் கிணற்றடிக்குப் போய்விடுவாள். அவர் இறைக்கிற வாளியில் இரண்டு கையையும் விட்டு அள்ளிக் குடிப்பாள். மறுபடி வயிறு போயிற்று. முன்போல் கடுமையாக இல்லை. ஆனால் அவள் உதடு காய்ந்ததைப் பார்த்ததும் எனக்கு அந்த அட்டை கட்டிய கை நினைவுக்கு வந்துவிட்டது.

மாமா அன்று சாப்பிடவில்லை.

"நேந்ததச் செஞ்சாச்சு. பொறவும் ஏன் இப்படி வருது? என்ன கொற வெச்சோம்னு தெரியலயே" என்று அத்தையிடம் சொல்லிக்கொண்டிருந்தார். சிறிது நேரம் கழித்து, "தொட்டி சின்னதாப் போச்சோ? எல்லா மாடும் நெறைவாக் குடிக்க முடியலயோ?" என்றார்.

அத்தை என்னைப் பார்த்தார். நான் அத்தையைப் பார்த்தேன். அடுத்த வாரமே பெரிய தொட்டி வந்து இறங்கிவிடும் என்று இருவருக்கும் தெரியும். அவர் தன்னையே குற்றவாளியாக்கிக்கொண்டிருக்கிறார் என்பதும் தெரியும். இனியும் பேசாமல் இருந்தால் பிள்ளைக்கும் கேடு, அவருக்கும் கேடு.

என்ன சொல்வது என்று மனதுக்குள் பலமுறை சொல்லிப் பார்த்தேன். 'மாமா, உங்கள் கல்தான் காரணம்' என்பது கொடுமை. 'மாமா, கிருமி' என்பது பாடப்புத்தகம். கணவருக்கு எழுதிக் கேட்டால் பதில் வருவதற்குள் தொட்டி வந்துவிடும். மறுநாள் காலை, மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போனேன். மாமா தொட்டியை நிரப்பிக்கொண்டிருந்தார். மகள் இறங்கி ஓடிப்போய்த் தன் கையைக் கல்லில் இருந்த மஞ்சள் கைமேல் வைத்தாள். அவள் கை அதற்குள் பெரிதாகியிருந்தது. கன்று ஒன்று வந்து அவள் தலையை நக்கியது. திரும்பிவிடலாமா என்று நினைத்தேன்.

"மாமா, தண்ணியக் குடிச்சுப் பாருங்க."

குடித்தார்.

"செத்த சப்புன்னு இருக்கு. மழைத் தண்ணி."

"மாடு கிணத்தோட ஒட்டியே நிக்கு மாமா. அதுக காலடியில தேங்குதது எல்லாம் உள்ளதான் எறங்குது."

வாளியைச் சுவரில் வைத்தார். கீழே பார்த்தார். குளம்புக் குழிகள், அவற்றிலிருந்து கல் இடுக்குக்குப் போகிற மெல்லிய பச்சைக் கோடு. தினமும் அவர் நிற்கும் இடம்தான். எத்தனையோ முறை மிதித்திருப்பார்.

"மாடு என்ன செய்யும், தாயி" என்றார். "வெச்ச எடத்துலதான நிக்கும்."

அதற்குமேல் என்னைப் பேசவிடாமல், மகளைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு நடந்தார்.

கல்லை எடுத்துவிடுவார் என்று நான் எதிர்பார்த்தேன். அத்தைதான் சிரித்தார். "நட்ட கல்லப் புடுங்குவாவளா? அதுல புள்ள கை இருக்குட்டி." அவர் சொன்னதுதான் நடந்தது. தருமத்துக்குக் கொடுத்ததைத் திருப்பி வாங்கக் கூடாது என்பது மாமாவின் கணக்கு. அதனால் கல்லை விட்டுவிட்டுக் கிணற்றைக் கொடுத்துவிட்டார். "கெணறு மாட்டுக்கு இருக்கட்டும். நாம தள்ளிப் போவோம்" என்று, வீட்டுக்குக் கிழக்கே மேட்டில் போர் போட்டு அடிபம்பு வைத்தார். பெரிய தொட்டி வரவில்லை.

அடிபம்பில் வந்தது உப்புத் தண்ணீர். பருப்பு வேகாது, பாத்திரத்தில் வெள்ளை படியும். அத்தை ஒரு வருஷம் புலம்பினார். "மாட்டுக்குக் கல்கண்டுத் தண்ணி. மனுசனுக்குக் கல்லுத் தண்ணி. கேட்டா தருமம்." ஆனால் ஒரு நன்மை. இந்தத் தண்ணீருக்குக் கெட்டுப்போக மானம் என்று ஒன்றும் இல்லை. எவ்வளவு வேண்டுமானாலும் காய்ச்சலாம், அத்தை ஒன்றும் சொல்வதில்லை. அவரே காய்ச்சித் தருகிறார். மகளுக்கு அப்புறம் அப்படி வயிறு போனதில்லை. அது காய்ச்சியதாலா, இடம் மாறியதாலா, வளர்ந்துவிட்டதாலா என்று எனக்குத் தெரியாது. மாமா மட்டும் இன்றுவரை கிணற்றுத் தண்ணீர்தான் குடிக்கிறார். "மாட்டுக்கு ஆவுறது எனக்கு ஆகாதா?" என்பார். அவருக்கு ஒன்றும் வருவதில்லை. இதற்கும் என்னிடம் விளக்கம் இல்லை.

மகள் இப்போது பள்ளிக்கூடம் போகிறாள். போன வருஷம் மகன் பிறந்தான். ஆவணியில் அவனுக்குக் கடுமையான காய்ச்சல் வந்து, அதே ராஜபாளையத்து வராந்தாவில் மாமா அதே மாதிரி துண்டை மடியில் போட்டு உட்கார்ந்திருந்தார். அப்போதே எனக்கு லேசாகப் பயம் தட்டியது. குழந்தை தேறி வீட்டுக்கு வந்த பிறகு மகள்தான் வந்து சொன்னாள்.

"அம்மா, தம்பிக்கும் கல்லு வருது. தாத்தா சொல்லியாச்சு."

மாமாவிடம் போனேன். கட்டிலில் படுத்திருந்தார். இப்போது அவருக்கு முழங்கால் முடியவில்லை. வீட்டைச் சுற்றி நடப்பதோடு சரி.

"எங்க மாமா நடப்போறீங்க?"

"பம்படியில" என்றார், என் முகத்தில் ஒரு பாராட்டை எதிர்பார்த்து. "கெணத்தடியில வேண்டாம்னு நீ சொன்னேல்லா? அதான்."

என் பேச்சுக்கு அவர் இத்தனை வருஷம் கழித்துக் காட்டிய மரியாதை அது.

"செத்தத் தள்ளி, ஓடைக்கு அந்தப் பக்கம் நட்டா என்ன மாமா? ரப்பர்க் குழாய் போட்டுத் தண்ணி விட்டுக்கிடலாம்."

"அங்க நட்டா நான் எப்படிப் பாக்க? இங்கன இருந்தா கட்டில்ல கெடந்தமேனிக்கே மாடு ஒரசுறதப் பாக்கலாம்லா."

அத்தையிடம் கேட்டால், "நீதான் அவியகிட்டப் பேசத் தெரிஞ்சவ" என்கிறார். கணவர் எழுதிய பதிலில், அப்பா மனம் நோகாமல் பார்த்துக்கொள், பிள்ளையையும் பார்த்துக்கொள் என்று இரண்டும் ஒரே வரியில் இருக்கிறது. மகளோ, தனக்கு ஒரு கல் இருக்கும்போது தம்பிக்கு இல்லாவிட்டால் அவன் பெரியவனானதும் அழுவான் என்கிறாள். அதுவும் நியாயம்தான்.

என் பயமே அதிகமோ என்றும் நினைக்கிறேன். இப்போது காட்டுக்குள் மாடு விட வனத்துறைக்காரர்கள் முன்போல் சம்மதிப்பதில்லை; மந்தை பாதியாகிவிட்டது. போர் ஆழமாகப் போகிறது. அவ்வளவு ஆழத்துக்கு மேலே தேங்குவது இறங்குமா? இறங்காது என்று ஒரு மனம் சொல்கிறது. கிணற்றுக்கும் ஓடைக்கும் நடுவே மணல் இருக்கிறது என்று முன்பு சொன்னதும் அதே மனம்தான். என் மகன் தவழ ஆரம்பித்துவிட்டான். கையில் எது பட்டாலும் வாய்க்குப் போகிறது. பம்படிதான் அவனுக்கு மிகவும் பிடித்த இடம்.

இதைப் படிக்கிறவர்களில், மாடும் கைக்குழந்தையும் ஒரே வாசலில் வளர்ந்த வீட்டுக்காரர்கள் இருப்பீர்கள். போர் போட்டுத் தருகிறவர்கள், நிலம் அறிந்தவர்கள், வைத்தியர்கள் இருப்பீர்கள். அடிபம்பிலிருந்து எவ்வளவு தள்ளித் தொட்டி வைத்தால் தண்ணீருக்குக் கேடு வராது? அடியில் சிமெண்டுத் தளம் போட்டு, வழிவதைத் தென்னைக்குத் திருப்பிவிட்டால் போதுமா? அந்தத் தூரம் கட்டிலில் கிடக்கிற ஒருவரின் கண்ணுக்கு எட்டுகிற தூரமாகவும் இருக்க வேண்டும். அப்படி ஓர் இடம் இருக்காது என்றால், அவர் மனம் நோகாமல் அதை எந்த வார்த்தையில் சொல்லலாம் என்றாவது எழுதுங்கள். தை பிறந்ததும் கல் வருகிறது. அதற்குள் எழுதினால் உதவியாக இருக்கும்.